ஜாம் மரத்தடி அம்மனும் என் அம்மிக் குழவியும்

கண்டி
17.03.1995

அன்பு மகள் யசோதாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் அந்த வெளிநாட்டுக் குளிரிலும் சுகமாக இருக்கக் கதிர்காமக் கந்தன் துணை நிற்க வேண்டும். இங்கே நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நடமாடுவது என்றால் அப்பா நடமாடுகிறார், நான் மாடிக்கும் ஜாம் மரத்தடிக்குமாகப் படி ஏறி இறங்குகிறேன், அதற்குமேல் போக்கிடம் இல்லாமல் இத்தனை மாதம் போய்விட்டது. உன் கடிதம் மாசிக் கடைசியில் கிடைத்தது. வைகாசியில் பிள்ளை பிறக்கும் என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருந்தாய், கேட்டு மனம் குளிர்ந்தது. ஆனால் அதற்குக் கீழே, அம்மா நீங்க வருவீங்களா இல்லையா, ஒரு வார்த்தை சொல்லுங்க, எனக்குப் பயமா இருக்கு என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைப் படித்துவிட்டு உடனே பதில் எழுத என்னால் முடியவில்லை. வருகிறேன் என்று எழுதினால் பொய்யாகிவிடுமோ என்று பயம், வரவில்லை என்று எழுதக் கை வரவில்லை. அம்மா மறந்துவிட்டாள் என்று நினைத்து நீ அழுதிருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா. நடந்ததை எல்லாம் எழுதுகிறேன், ஆற அமர இருந்து படி, வெறும் வயிற்றோடு படிக்காதே.

நம் பின்பக்க ஜன்னல் உனக்கு மறந்திருக்காது. மூன்று சந்தும் வந்து சேருகிற அந்த மூலையில் மார்க்கெட்டில் மிஞ்சியது, கோழிக்கடையில் கழித்தது, சாப்பாட்டுக் கடைக்காரர்கள் கொட்டியது எல்லாம் சேர்ந்து மலையாகக் கிடக்கும். நீ ஓ.எல். பரீட்சைக்குப் படித்த காலத்தில் ஜன்னலைச் சாத்தி இடுக்கில் பழைய பேப்பரைத் திணித்து, அப்படியும் நாற்றம் தாங்காமல் தாவணியால் மூக்கைக் கட்டிக்கொண்டு கணக்குப் போட்டாய். நீ கல்யாணம் முடித்துப் போன பிறகும் அந்த ஜன்னல் சாத்தியபடிதான் கிடந்தது. காகமும் நாயும் சாக்கடைக் கானில் தேங்கிய தண்ணீரும் கடிக்கிற நுளம்பும், மாதத்துக்கு ஒரு வீட்டிலாவது காய்ச்சல். மாநகர சபை லொறி வந்து காலையில் அள்ளிக்கொண்டு போனால் பொழுது சாய்வதற்குள் பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகிவிடும். அப்பா புடவைக் கடைக்குப் போய்விடுவார், நான் அந்த ஓர் அறையிலும் சமைக்கிற குசினியிலுமாகக் கிடப்பேன். முன்வாசலைத் திறந்தால் படிக்கட்டு, படிக்கட்டு இறங்கினால் கடைத்தெருச் சனம், ஒரு பெண்பிள்ளை காலாற நிற்க இடம் கிடையாது. வாவிக்கரையில் போய் நடக்கலாமே அம்மா என்று நீ ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுவாய். வாவிக்கரை அழகான இடம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அடுப்பில் உலையை வைத்துவிட்டு வாவிக்கரைக்குப் போக முடியுமா, என் வயதுப் பெண் தனியாக அங்கே போய் உட்கார்ந்திருந்தால் வீட்டில் என்ன சண்டை என்று நாலு பேர் விசாரிக்க மாட்டார்களா. ஊருக்கு ஒரு பெரிய பூங்கா இருக்கலாம், வாசலோடு ஒரு துண்டு நிலம் சுத்தமாக இருப்பதுதான் எங்களைப் போன்றவர்களுக்கு உதவும் என்று இப்போது எனக்குப் புரிகிறது.

போன ஆவணியில் ஒருநாள் காலை தேங்காய்ச் சம்பல் அரைக்கப் போனால் அம்மி மட்டும் இருக்கிறது, குழவியைக் காணோம். எங்கள் அம்மா எனக்குச் சீதனத்தோடு கொடுத்த குழவி. உன்னைத் தொட்டிலில் போட்ட அன்று முதலில் அதைத்தான் கழுவி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, சட்டை மாதிரி துணி சுற்றித் தொட்டிலில் போட்டு ஆட்டினோம். கல்லைப்போல் பிள்ளைக்கு ஆயுள் கெட்டியாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் செய்கிறதுதான். அது எங்கே போகும் என்று அறை முழுக்கத் தேடிவிட்டுப் படிக்கட்டில் இறங்கிப் பார்த்தால், குப்பை மேட்டுக்குப் பக்கத்தில் ஜாம் மரத்தடியில் ஒரு கல் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, செம்பரத்தம்பூ சூடி எழுந்து நிற்கிறது. ஒரு பக்க நுனி உடைந்திருப்பதைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. உன் அப்பாவின் வேலை. மேலே வந்து கேட்டால் சத்தம் போடாதே என்று சைகை காட்டிவிட்டு, சும்மா இரு வடிவு, ஒரு கிழமைக்குத்தான், சாமி இருக்கிற எடத்துல எவன் குப்பை கொட்டுவான்னு பாப்போம் என்கிறார். நம் சனத்தைப் பற்றி அவருக்கு நன்றாகத் தெரியும். எழுதி ஒட்டிய நோட்டீசைக் கிழித்து அதிலேயே மீன்குடலைச் சுற்றிப் போடுவார்கள், மஞ்சள் பூசிய கல்லைக் கண்டால் செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்குவார்கள்.

நான் சிரித்தேன், ஆனால் அது பலித்துவிட்டது. கோழிக்கடைக்காரன் வாளியோடு வந்தவன் கல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். அடுத்த சந்துச் சிங்களப் பெண் சோமா நோனா அரலியாப்பூ கொண்டுவந்து வைத்தாள். கீழே தையல் கடை ஜவாஹிர் நானா, அவருக்கு இதெல்லாம் கிடையாது, ஆனாலும் அடுத்தவர் சாமி இருக்கிற இடத்தில் துண்டுத் துணி விழக்கூடாது என்று தன் கடைக் கழிவைத் தனியாகச் சாக்கில் கட்டி வைத்தார். லொறி வந்து அள்ளிப் போனது, பிறகு அங்கே ஒரு முருங்கை இலைகூட விழவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா சுத்தியலால் தட்டித் தட்டி ஜன்னலைத் திறந்தார். யசோ, நம் ஜன்னலுக்கு நேரே ஹந்தானை மலை இருக்கிறது. நீ அந்த அறையிலேயே பிறந்து வளர்ந்தாய், ஒருநாளும் அதைப் பார்க்காமல் போய்விட்டாய். அன்றைக்கு நான் சோறு வடிக்காமல் ஜன்னலோரம் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன், அப்பாவும் இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அதிசயம். இடம் சுத்தமானதும் ஆட்கள் வந்து நிற்கத் தொடங்கினார்கள், நின்றவர்கள் உட்காரத் தொடங்கினார்கள். ஜவாஹிர் நானா தன் முக்காலியை மரத்தடிக்குக் கொண்டுவந்து பொத்தான் தைத்தார். சோமா நோனா குரோட்டன் கம்புகளை நட்டாள், நான் பழைய எண்ணெய் டின்னில் செவ்வந்தி வைத்தேன், யாரோ தேய்ந்த டயருக்கு வெள்ளை அடித்துப் பாத்தியாகப் போட்டார்கள். கானைத் திறந்துவிட்டதும் நுளம்பு குறைந்தது, பிள்ளைகளுக்குக் காய்ச்சலும் குறைந்தது. வருஷக்கணக்காகப் பக்கத்துப் பக்கத்துப் படிக்கட்டில் ஏறி இறங்கியும் பேர் தெரியாமல் இருந்த பெண்கள் நாங்கள், மாலையில் அங்கே கீரை ஆய்ந்துகொண்டே ஊர்க்கதை பேசினோம். கலவரக் காலத்தில் கதவைச் சாத்திப் பழகிய தெரு இது, உனக்கும் ஞாபகம் இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் தமிழர், சிங்களவர், முஸ்லிம் என்று மூன்று சாதிச் சனமும் ஒரே மரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை மாற்றிக்கொள்வதைப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா. எனக்கு மூட்டுவலிகூடக் குறைந்த மாதிரி இருந்தது.

ஆனால் உன் அப்பா சும்மா இருந்திருக்க வேண்டும். மேல்சந்து ராஜலிங்கம் மாமா, கோர்ட்டில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றாரே, அவர் வந்து இந்தச் சாமி எப்படி வந்திச்சு, யார் வச்சது என்று விசாரித்திருக்கிறார். அப்பாவுக்கு நாக்கு உளறிவிட்டது. என் வீட்டுக்காரிக்குக் கனவுல அம்மன் வந்து சொன்னாங்க என்று சொல்லிவிட்டார். கனவு கண்டவள் நான், எனக்கே தெரியாது. மறுநாள் காலை படிக்கட்டில் நாலு பெண்கள் நிற்கிறார்கள், அம்மன் என்ன நிறச் சேலை கட்டியிருந்தாங்க வடிவக்கா என்று கேட்கிறார்கள். நான் என்ன சொல்ல, புருஷனைப் பொய்யன் ஆக்கவா, சிவப்பு என்று சொல்லிவிட்டேன். அன்று பிடித்தது சனி. கனவு வந்தவள் கையால்தான் விளக்கேற்ற வேண்டும் என்று ராஜலிங்கம் மாமா சட்டம் சொல்லிவிட்டார். பொழுது சாய்ந்தால் எண்ணெயும் திரியுமாக நான் இறங்க வேண்டும், திருநீறு கொடுக்க வேண்டும், மகனுக்கு வேலை கிடைக்குமா, காணாமல் போன ஆடு வருமா என்று கேட்கிறவர்களுக்கு எதையாவது சொல்ல வேண்டும். நாவலப்பிட்டியில் உன் பாலம்மா சித்தி மகள் பெரியபிள்ளையானாள், பெரியம்மாவாக நான்தான் முன்னால் நிற்க வேண்டியவள். ரயிலில் போனால் அன்று திரும்ப முடியாது, விளக்கை யார் ஏற்றுவது என்று என்னை விடவில்லை. சித்தி இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஐப்பசியில் ஒருநாள் எனக்குக் காய்ச்சல், எழும்பவே முடியவில்லை, விளக்கு எரியவில்லை. அன்று பெய்த மழையில் ராஜலிங்கம் மாமா வீட்டுப் பின்சுவர் சரிந்தது. வருஷாவருஷம் சரிகிற சுவர்தான், ஆனால் அன்றைக்கு அம்மன் கோபம் என்றாகிவிட்டது. அதோடு என் கால்கட்டு இறுகிவிட்டது. முன்பு நாற்றத்துக்குப் பயந்து வீட்டுக்குள் கிடந்தேன், இப்போது சாமிக்குப் பயந்து வாசலில் கிடந்தேன், இவ்வளவுதான் வித்தியாசம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மலை தெரிகிறது, நான்தான் சந்தின் முனையைத் தாண்டவில்லை.

இதில் சிரிக்க முடியாத ஒன்று இராஜகுமாரி. அவளை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு பக்கத்து மாடிக்குக் குடிவந்தவள், வத்தேகமப் பக்கத்துப் பிள்ளை. கல்யாணமாகி வருஷங்கள் போய்விட்டன, பிள்ளை இல்லை, மாமியார் வாயில் அவள் படாத பாடு இல்லை. தினமும் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து அந்தக் கல்லைச் சுற்றுவாள், போகும்போது என் காலைத் தொடுவாள். அந்தக் கை என் காலில் படும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும். நீ சுத்தறது என் அம்மிக் குழவி தாயி என்று சொல்ல வாய் வரை வரும், அவள் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிடுவேன். ஒருநாள் இதை அப்பாவிடம் சொல்லி அழுதேன். அவர் திருடனுக்குத் தேள் கொட்டியது போல் உட்கார்ந்திருந்தார். சாமியைக் கூட்டிவரத் தெரிந்த மனிதருக்கு அனுப்பி வைக்கத் தெரியவில்லை.

தையில் ராஜலிங்கம் மாமா கோயில் கட்டக் கமிட்டி அமைத்தார். சுற்றிச் சுவர், தகரக் கூரை, இரும்புக் கேட், கேட்டுக்குப் பூட்டு, மைக் செட் எல்லாம் அவர் கணக்கில் இருந்தது. சுவர் எழுப்பினால் நாங்கள் கீரை ஆய்கிற இடம் உள்ளே போய்விடும், குரோட்டன் செடி எல்லாம் அத்திவாரத்துக்குள் போய்விடும். சோமா நோனா வருவதைக் குறைத்துக்கொண்டாள். ஜவாஹிர் நானா ஒருநாள் தன் முக்காலியைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் போய்விட்டார். ஏன் நானா என்று கேட்டேன். கோயில் கட்டினா நாங்க அதுல இரிக்கிறது சரியில்ல தானே தங்கச்சி, இப்பவே ஒதுங்கிக்கொண்டா ஒருத்தருக்கும் மனக்கஷ்டம் இல்ல என்று சிரித்தபடி சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து மாநகர சபையிலிருந்து அதிகாரி மிஸ் ஒருத்தி வந்தாள், சின்ன வயதுதான், சேறு படுகிறதே என்று பார்க்காமல் சுற்றிலும் நடந்து பார்த்தாள். நகரத்தை அழகுபடுத்துகிற திட்டமாம். சந்து மூலைகளில் சின்னச் சின்னப் பூங்கா வைக்கிறார்களாம், உட்கார ஒரு வாங்கு, பூஞ்செடி, ஒரு விளக்குக் கம்பம். இந்தப் பகுதியில் ஓர் இடத்துக்குத்தான் கொடுக்க முடியும், நீங்களே இதைத் துப்புரவாக வைத்திருப்பதால் இங்கேயே தரலாம் என்று சிங்களத்தில் சொன்னாள். பிறகு கல்லைப் பார்த்துவிட்டு முகம் மாறியது. தெய்வம் இருக்கிற இடத்தில் நாங்கள் கை வைப்பதில்லை, நாளைக்கு ஒருவர் கோயில் என்பார், இன்னொருவர் விகாரை என்பார், பிரச்சினை, சித்திரைப் புதுவருஷத்துக்கு முன் நீங்களே பேசி முடிவு சொல்லுங்கள், இல்லாவிட்டால் வேறு சந்துக்குப் போய்விடும் என்றாள்.

இப்போது பார், கல் இருந்தால் பூங்கா வராது, கோயில் வரும், பாதிப் பேருக்கு அந்த இடம் இல்லாமல் போகும். கல் போனால் மறுநாளே கோழிக்கடை வாளி வரும், ஜன்னலை மறுபடி சாத்த வேண்டும். கல் அம்மிக் குழவி என்று சொன்னால் அப்பாவை ஊர் சும்மா விடாது, இராஜகுமாரி மனம் உடைந்துபோவாள். சொல்லாவிட்டால் நான் சாகும்வரை திரி போட வேண்டியதுதான். புலி வாலைப் பிடித்த கதை. அந்தக் கிழமையில்தான் உன் கடிதம் வந்தது. பதினாலாம் மாடியில் இருக்கிறேன், ஜன்னல் ஒரு சாண் அகலத்துக்குமேல் திறக்காது, அவர் வேலைக்குப் போனால் பொழுது போனபின்தான் வருவார், பேச ஆள் இல்லை, வெளியே போனால் சறுக்கி விழுந்துவிடுவேனோ என்று பயந்து உள்ளேயே கிடக்கிறேன் என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு ஜன்னலோரமே உட்கார்ந்து அழுதேன். நான் பட்டதைத்தான் என் பிள்ளை அவ்வளவு தூரத்தில் அப்படியே படுகிறாள், அதுவும் வயிற்றுப் பிள்ளையோடு. ஒரு கல்லுக்காக என் மகளைத் தனியாகப் பிள்ளை பெறவிடப் போகிறேனா என்று எனக்கு என்மேலேயே வெறுப்பு வந்தது. அப்பாவிடம் கேட்டேன், நான் போகவா வேண்டாமா என்று. போகத்தான் வேணும் வடிவு, ஆனா எப்படி என்கிறார். அந்த எப்படியை எனக்கே விட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

போன வெள்ளிக்கிழமை மரத்தடியில் கமிட்டிக் கூட்டம். ராஜலிங்கம் மாமா கோயில் படத்தை விரித்து வைத்துக்கொண்டு விளக்கினார். பூங்காவா கோயிலா என்று பேச்சு வந்தது, ஆளுக்கு ஆள் சத்தம். ஜவாஹிர் நானா கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், கிட்ட வரவில்லை. கடைசியில் இராஜகுமாரி மெல்ல, வடிவக்காகிட்டயே கேப்போம், அம்மன் அவங்களுக்குத்தானே சொல்லும் என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அப்பாவைப் பார்த்தேன், அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தியமாகச் சொல்கிறேன் யசோ, நான் ஒன்றும் யோசித்து வைத்திருக்கவில்லை. கல்லுக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன், குடத்துத் தண்ணீரை ஊற்றி மஞ்சளைக் கழுவினேன், சேலைத் தலைப்பால் துடைத்து மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். ராஜலிங்கம் மாமா ஐயோ ஐயோ என்றார். இது என் அம்மிக் குழவி, இந்தா பாருங்க, நுனி ஒடைஞ்சிருக்கு என்று சொன்னேன். கனவு ஒண்ணும் இல்ல, குப்பை போகணும்னு வச்சது, வச்சது இவருன்னாலும் இத்தனை நாள் வெளக்கு ஏத்துனது நான், பழியை எனக்கே போடுங்க, இது என் பிள்ளை தொட்டில்ல கெடந்த கல்லு, அந்தப் பிள்ளை இப்ப பிள்ளை பெறப் போகுது, தனியா இருக்கு, பயப்படுது, நான் அதுகிட்டப் போகணும், இந்த வெளக்கை என்னால இனி ஏத்த ஏலாது என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போதே ஓவென்று அழுதுவிட்டேன், வெட்கமாகத்தான் இருந்தது.

அடிக்க வருவார்கள் என்றுதான் நினைத்தேன். இராஜகுமாரி முகம் வெளுத்துப்போய், இத்தன நாளா நான் சுத்துனது அம்மிக் குழவியவா அக்கா என்று கேட்டாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். நிமிர்ந்து பார்க்க எனக்குத் திராணி இல்லை. அவள் என் பக்கத்தில் வந்து மண்ணில் உட்கார்ந்து, தொட்டில்ல கெடந்ததா, பிள்ளை கெடந்த தொட்டில்லயா என்று திருப்பிக் கேட்டாள். என் மகள் கெடந்த தொட்டில்தான் தாயி என்றேன். அப்படின்னா நான் கும்பிட்டது ஒண்ணும் வீணாப் போகலயே அக்கா, அதை எங்கிட்டக் குடுத்துடுங்க என்று மடியை ஏந்தினாள். உனக்காக வைத்திருந்த கல் யசோ. உன் பிள்ளைத் தொட்டிலில் போட நான் கையோடு கொண்டுவர வேண்டிய கல். அந்த மடியைப் பார்த்து எனக்கு இல்லை என்று சொல்ல முடியவில்லை. கொடுத்துவிட்டேன். அவள் முந்தானையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறிப் போனாள், அவள் மாமியார்கூட ஒதுங்கி வழிவிட்டாள்.

ராஜலிங்கம் மாமா படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனவர்தான், இன்னும் அப்பாவோடு பேச்சு இல்லை. சாமியை வைத்து விளையாடின குடும்பம் என்று கோயிலடியில் சொல்லிக்கொண்டு திரிகிறாராம், சொல்லட்டும், அதில் பாதி உண்மைதானே. நான் பயந்தது போலவே ஞாயிறு விடியலில் மரத்தடியில் ஒரு குப்பைப் பை கிடந்தது. ஆனால் நான் இறங்குவதற்குள் சோமா நோனா அதைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சாப்பாட்டுக் கடை வாசலிலேயே வைத்துவிட்டு வந்து, ஒன்றும் நடக்காதது போல் மரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்து பேன் சீவத் தொடங்கினாள். ஜவாஹிர் நானா முக்காலியை மறுபடி வெளியே கொண்டுவந்தார். கல் இருந்த இடத்தில் இப்போது ஆட்கள் இருக்கிறார்கள், ஆள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் எவனுக்கும் வாளியைக் கவிழ்க்கக் கூச்சம் வருகிறது. அந்த மிஸ்ஸும் வந்து நாடாவைப் பிடித்து அளந்தாள். நேற்று சீமெந்து வாங்கு போட்டுவிட்டுப் போனார்கள், ஈரம் காயுமுன் ஒரு நாய் மிதித்து நாலு கால் தடமும் அதில் பதிந்துவிட்டது. நான் இல்லாத நாட்களில் கடை விட்டு வந்ததும் அந்த வாங்கில் உட்கார வேண்டியது அப்பாவின் முறை என்று பெண்கள் எல்லாம் சேர்ந்து விதித்துவிட்டார்கள். அவருக்கு அந்தத் தண்டனை நன்றாக வேண்டும்.

கொழும்புக்கு விசாவுக்கான நேர்முகக் கேள்விக்கு வரும் புதன்கிழமை அப்பாவோடு போகிறேன். திரும்பி வருவீர்கள் என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்பார்களாம், எங்கள் சந்தில் ஒரு வாங்கு போட்டிருக்கிறார்கள், அதில் நான் இன்னும் உட்காரவில்லை என்று சொல்லலாமா என்று அப்பாவைக் கேட்டேன், வாயை மூடு என்கிறார். என்ன கேட்டாலும் சொல்லி வாங்கிக்கொண்டு வைகாசிக்கு முன் உன்னிடம் வருகிறேன். இதுதான் நீ கேட்ட ஒரு வார்த்தை. இன்னும் பொழுது சாய்ந்தால் என் கை தானாக நெருப்புப் பெட்டியைத் தேடுகிறது, அது போகப் போகச் சரியாகிவிடும். கொத்தமல்லி, பெருங்காயம், பிள்ளை பெற்றவளுக்கான சரக்கு எல்லாம் கட்டி வைத்திருக்கிறேன். பாலம்மா சித்திக்கு ஒரு கடிதம் போடு, நீ எழுதினால் அவள் கோபம் இறங்கும். நெய் அதிகம் சேர்க்காதே, ஒருக்களித்துப் படு. மாப்பிள்ளை சமையலைக் குறை சொல்லாதே, அவர் செய்கிறதே பெரிய காரியம்.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் மறந்துவிடாதே. உன் கட்டடத்துக்குக் கீழே தெருவைத் தாண்டினால் ஒரு பூங்கா இருக்கிறது, பனி மூடிக் கிடக்கிறது, ஒருநாளும் போனதில்லை என்று எழுதியிருந்தாய். சித்திரை பிறந்தால் பனி உருகுமாமே. அப்போது மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கிப் போ, வாங்கு இருந்தால் உட்கார், பக்கத்தில் இருக்கிறவர் யாராக இருந்தாலும் முகம் பார்த்துச் சிரி. பிறகு காலடியில் தேடிப் பார்த்து, கைக்கு அடக்கமாக, வழுவழுவென்று ஒரு கல்லை எடுத்துக் கழுவி வை. எந்தக் கல்லாக இருந்தாலும் போதும். மஞ்சளும் குங்குமமும் நான் கொண்டுவருகிறேன்.

நீயும் வயிற்றில் இருப்பதும் கல்லாட்டம் கெட்டியாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அம்மா
தி. வடிவம்மா